குஷிரோவில் கணப்பருகே ஓர் இரவு

ஜப்பான் நாட்டின் வடகோடியில் அமைந்துள்ள பெருந்தீவு ஹொக்கைடோ. அத்தீவின் கிழக்குப் பகுதியில், பசிபிக் மாகடலை நோக்கியவாறு கிடக்கும் துறைமுக நகரம் குஷிரோ. ஓர் அக்டோபர்த் திங்களின் கடைசி வாரத்தில் அந்நகருக்குச் சென்று, ஓரிரவு தங்கி, ஒரு வேளை உணவு உண்டு திரும்பினோம். ஒரு வேளை உணவைப் பற்றி இத்தனை பக்கம் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். அவ்வுணவு முடிய ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆயிற்று என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லி வைக்கிறோம்.

எங்கள் இளைய மகன் ஹொக்கைடோவின் தலைநகரான சப்போரோவில் ஆறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறான். அவனைக் கண்டு வரவே நாங்கள் இருவரும் புறப்பட்டோம். கண்டு வருவதோடு வேறொரு நோக்கமும் இருந்தது. பெற்றோராயிருப்போர் அதை எளிதில் ஊகித்துக் கொள்வர். எங்கள் கைப்பையில் ஒரு நிழற்படம் இருந்தது. நல்ல குடும்பத்துப் பெண், ஆசிரியை. நாங்கள் வந்து பத்து நாளாகியும் அப்படம் உறையை விட்டு வெளியே வரவில்லை. பேச்சை எடுத்தபோதெல்லாம், "குஷிரோவுக்குப் போய் வந்த பிறகு பேசலாம், அம்மா" என்றே மகன் சொல்லி வந்தான். குஷிரோவில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டோம். "அங்கே ஒருவர் மீன் சுட்டுத் தருவார்" என்றான்.

மீன் சுடுவதைக் காண 350 கிலோமீட்டர் போக வேண்டுமா என்று எங்களுக்குத் தோன்றாமலில்லை. நம் வீடுகளில் மீன் என்றால் குழம்பு; விருந்தினர் வந்தால் வறுவல். எங்களுள் ஒருவர் கடற்கரை ஊரில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் கரையில் வலையை உலர்த்திய கையோடு, சருகும் சுள்ளியும் கூட்டி, நாலு சாளையைச் சுட்டுத் தின்றுவிட்டு வீடு வருவாராம். அதை வீட்டில் எவரும் உணவாக மதித்ததில்லை. குழம்பு வைக்க வழியில்லாதவன் செய்யும் காரியம் என்றே எண்ணி வளர்ந்தோம்.

சப்போரோவிலிருந்து குஷிரோவுக்குச் செல்லும் விரைவு இரயிலுக்கு 'ஓசோரா' என்று பெயர். பெருவானம் என்பது பொருள். நான்கு மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட பயணம். மலைகளைக் கடந்து, பரந்த வயல்வெளிகளைக் கடந்து, இறுதியில் இரயில் கடலோரமாகவே ஓடுகிறது. சாம்பல் நிறக் கடல். ஒரு படகையும் நாங்கள் காணவில்லை.

அந்தக் கடலைப் பற்றிச் சொல்லாமல் குஷிரோவைப் பற்றிச் சொல்ல இயலாது. வடக்கேயிருந்து குளிர்ந்த நீரோட்டம் ஒன்று இக்கரையோரம் இறங்கி வருகிறது. அதற்கு ஜப்பானியர் இட்ட பெயர் 'ஒயாஷியோ'. ஒயா என்றால் பெற்றோர். ஷியோ என்றால் கடல்நீர். உயிர்ச்சத்து மிகுந்த அந்நீர் மீனினங்களைப் பெற்று வளர்ப்பதால் 'பெற்றோர் நீர்' என்றனர். கோடைக் காலத்தில் தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று இந்தக் குளிர்நீரின் மேல் படும்போது மூடுபனி எழுந்து நகரையே மறைத்துவிடும். நாங்கள் சென்ற காலத்தில் மூடுபனி இல்லை; அதற்கு ஈடாக எலும்பைத் துளைக்கும் காற்று இருந்தது.

மாலை நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்தது. ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள நுசமாய்ப் பாலத்தில் நின்று அதைக் கண்டோம். பாலத்தின் தூண்களில் இளவேனில், கோடை, கூதிர், பனி என்னும் நான்கு பருவங்களையும் குறிக்கும் நான்கு வெண்கலச் சிலைகள் உள்ளன. 1977ஆம் ஆண்டில் நிறுவப்பட்டவை. நான்கு சிற்பிகள் ஆளுக்கொன்றாகச் செய்தவை. அவற்றுள் இளவேனிலைச் செய்தவர் ஃபுனாக்கோஷி யசுதாக்கே என்று மகன் சொன்னதும் நின்று மறுபடியும் பார்த்தோம். கத்தோலிக்கராகிய இச்சிற்பியே, நாகசாக்கியில் 1597ஆம் ஆண்டு சிலுவையில் அறையுண்ட 26 மறைசாட்சிகளின் நினைவுச் சின்னத்தை 1962ஆம் ஆண்டில் வடித்தவர். அந்த 26 பேருள் ஒருவர் நம் நாட்டு வசாயில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியா என்பதை நம் வாசகர் அறிவர். நாகசாக்கியை நாங்கள் கண்டதில்லை. ஜப்பானின் மறுகோடியில் உள்ளது. மீன் தின்ன வந்த ஊரில் அந்தக் கைவண்ணத்தைக் காண்போம் என்று எதிர்பார்க்கவில்லை.

பாலத்தின் அருகே ஆற்றங்கரையில் நீண்ட கூடாரம் ஒன்று இருந்தது. உள்ளே வரிசையாகக் கரியடுப்புகள். மே மாதத்திலிருந்து அக்டோபர் முடிய அங்கே எவரும் சீட்டு வாங்கி, விரும்பிய மீனையும் சிப்பியையும் பெற்று, தாமே சுட்டு உண்ணலாம். இளைஞர் கூட்டம், சிரிப்பும் புகையுமாக இருந்தது. நாங்கள் அதில் நுழையப் போனோம். "இது வேடிக்கைக்கு. நாம் போக வேண்டிய இடம் வேறு" என்று மகன் அழைத்துச் சென்றான்.

போகும் வழியில் பல கடைகள் கதவடைத்துக் கிடந்தன. தெருக்கள் அகலமானவை, மனிதரோ அரிது. இந்நகரின் வரலாற்றை அவன் நடந்துகொண்டே சொன்னான். 1979 முதல் 1991 வரை, தொடர்ந்து 13 ஆண்டுகள், ஜப்பானிலேயே மிகுதியாக மீன் இறங்கிய துறைமுகம் குஷிரோதான். 1987ஆம் ஆண்டில் மட்டும் 13 இலட்சம் டன்னுக்கு மேல் இறங்கியது. அதில் பெரும்பகுதி மத்தி, அதாவது நம் கரையோரத்தார் சாளை என்பது. உண்டு மாளாத அந்த மீனில் பெரும்பங்கு எண்ணெயாகவும் தீவன மாவாகவும் அரைக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் மத்தி கூட்டங்கூட்டமாய் மறைந்தது. அதற்கு முன்பே, 1977இல் நாடுகள் 200 கடல் மைல் எல்லை வகுத்துக்கொண்டபோது, வடகடலுக்குப் போய் வந்த கப்பல்களுக்கு வழி குறுகிவிட்டது. கடலுக்கடியில் நிலக்கரி வெட்டிய பெருஞ்சுரங்கம் 2002இல் மூடப்பட்டது. காகித ஆலையில் 2021இல் காகித உற்பத்தி நின்றது. 1980இல் 2,14,000 பேர் வாழ்ந்த நகரில் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 1,65,000 பேரே இருந்தனர். மத்தி 2010களில் திரும்பி வரத் தொடங்கியது; ஊரை விட்டுப் போன மக்கள் திரும்பவில்லை.

ஒரு சந்தின் உள்ளே, கரி படிந்த பலகைச் சுவரும் தாழ்ந்த நிலைக்கதவும் கொண்ட பழைய மரக்கட்டடத்தின் முன் நின்றான். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. கடைக்காரருக்கு விளம்பரம் பிடிக்காது என்பதும், உள்ளே பதினைந்து பேருக்கு மேல் அமர இடமில்லை என்பதும் காரணம்.

உள்ளே நுழைந்ததும் முதலில் எங்களைத் தொட்டது வெப்பம். பிறகுதான் கண்ணுக்குப் புலப்பட்டது. நடுவில் சதுரமான பெரிய கணப்பு; அதில் முழங்கை ஆழத்திற்குச் சாம்பல்; சாம்பலின் நடுவே கனலும் கரி; அதன்மேல் இரும்பு வலை. அதைச் சுற்றி மூன்று புறமும் மரப்பலகை மேசை. நாலாம் புறத்தில், திண்டின்மேல் மண்டியிட்டு, வெண்துணியால் தலையைக் கட்டிய மூதாட்டி ஒருவர். எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது. கரியை இடுக்கும் நீண்ட இரும்புக் குச்சிகள் கையில் இருந்தன. மகனைக் கண்டதும் அந்தக் குச்சியாலேயே ஓரிடத்தைச் சுட்டிக் காட்டினார். "ஒகாசான்!" என்று அவன் தலைவணங்கினான்.

அச்சொல்லின் பொருளைக் கேட்டோம். "அம்மா" என்றான். இத்தகைய கடைகளில் அடுப்பருகே இருக்கும் பெண்மணியை எல்லாரும் அப்படித்தான் அழைப்பர் என்று விரைந்து சேர்த்துக்கொண்டான். விரைந்து சொன்னதனாலேயே எங்களுள் ஒருவருக்கு மனம் சற்று நொந்தது.

இனி, இந்தக் கணப்பைப் பற்றிச் சில சொற்கள். ஜப்பானிய நாட்டுப்புற வீடுகளில் தரையிலேயே சதுரமாகக் குழி அமைத்துத் தீ வளர்ப்பது பண்டை வழக்கம். 'இரோரி' என்பர். சமையலும் அதில்தான், குளிர்காய்வதும் அதில்தான், இரவில் வெளிச்சமும் அதுவே. எழும் புகை கூரைப் புல்லைப் பூச்சி அரிக்காமல் காக்கும். மேலிருந்து தொங்கும் கொக்கியில் பானை ஆடும். அக்கொக்கியின் குறுக்குக் கட்டையைப் பெரும்பாலும் மீன் வடிவில் செதுக்கியிருப்பர். கணப்பைச் சுற்றி அமர்வதற்கும் முறை உண்டு. வாயிலை நோக்கிய இடம் குடும்பத் தலைவருக்கு, ஒரு பக்கம் விருந்தினருக்கு, எதிர்ப்பக்கம் இல்லத்தலைவிக்கு, விறகின் அடிக்கட்டை நீட்டிக்கொண்டிருக்கும் கடை இடம் மருமகளுக்கோ பணியாளுக்கோ. மருமகளுக்குக் கடை இடம் என்பதைக் கேட்டு, அங்கும் அப்படித்தானா என்று பெருமூச்சு விட்டவர் எங்களுள் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கணப்பங்கரையே 'ரோபாத்தா'. போருக்குப் பின், 1950ஆம் ஆண்டில், செண்டாய் நகரில் அப்பெயரில் சிறு உணவகம் ஒன்று தோன்றியது. மக்கள் கூட்டங்கூட்டமாக நகரங்களுக்குக் குடியேறிய காலம் அது. விட்டு வந்த வீட்டின் கணப்பை நகரத்தில் மீண்டும் மூட்டியதுபோல் அது அமைந்தது. கணப்பிற்கு அப்பால் அமர்ந்தவர், உணவை நீண்ட மரத்துடுப்பில் வைத்து விருந்தினரிடம் நீட்டுவார். 1953இல் குஷிரோவிலும் அதே பெயரில் ஒரு கடை பிறந்தது. ஆனால் குஷிரோ மீன் குவியும் துறை. ஆதலின் இங்கே கணப்பின்மேல் மீனும் சிப்பியும் ஏறின. இன்று உலகத்தின் பெருநகரங்களில் எல்லாம் ரோபாத்தா என்ற பெயரில் உணவகங்கள் உள்ளன. அவற்றில் சிலவற்றில் பணியாளர் ஆர்ப்பரித்துத் துடுப்பை நீட்டுவர் என்று கேள்விப்பட்டோம். இங்கே எந்த ஆரவாரமும் இல்லை. கரி வெடிக்கும் ஓசை மட்டும் அவ்வப்போது கேட்டது.

மேசைமீது பனிக்கட்டியில் அன்றைய மீன்கள் கிடந்தன. வேண்டியதைச் சுட்டிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். சுவரில் தொங்கிய பலகைகளில் பெயர்களும் சிலவற்றுக்கு விலையும் எழுதப்பட்டிருந்தன. சிலவற்றில் விலைக்குப் பதிலாக இரண்டு எழுத்துகள். 'ஜிகா', அதாவது அன்றைய சந்தை விலை என்றான் மகன். எழுதாத விலையைக் கண்டால் எந்த நாட்டிலும் நடுத்தரக் குடும்பத்தாருக்கு அச்சமே. செக்கச்சிவந்த, பெரிய கண்களையுடைய 'கிங்கி' என்னும் ஆழ்கடல் மீன் எங்கள் கண்ணைப் பறித்தது. விலையைக் கேட்கச் சொன்னோம். 6,000 யென். ஒரே மீனுக்கு! கையை இழுத்துக்கொண்டோம். மூதாட்டி வாய்விட்டுச் சிரித்து, அதைத் தாமும் ஆண்டுக்கு ஒருமுறைதான் உண்பதாகச் சொன்னார்.

பிறகு அவர் சுடத் தொடங்கினார். முதலில் 'ஹொக்கே'. வடகடல் மீன், முதுகு பிளந்து, விரித்து, உப்பு நீரில் நனைத்து, ஓரிரவு காற்றில் உலர்த்தியது. உள்ளங்கை மூன்றை அடுக்கிய நீளம். அதைத் தணலுக்கு மிக உயரத்தில் வைத்தார். தீ வலுவாக இருக்க வேண்டும், ஆனால் தொலைவில் இருக்க வேண்டும்; மீன் சுடுவோர் அங்கே முதலில் கற்கும் பாடம் இதுவாம். கடல்மீனைச் சதைப் பக்கமாகவும் ஆற்றுமீனைத் தோல் பக்கமாகவும் முதலில் சுட வேண்டும் என்பது இன்னொரு பாடம். ஒரு முறைதான் புரட்டுவார். நம் அடுப்படியில் நாம் எத்தனை முறை புரட்டுகிறோம் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டோம்.

கரியைப் பற்றி மகன் விளக்கினான். எரிவாயு எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அது மீனின் மேற்புறத்தை ஈரமாக்கிவிடும். நன்கு பற்றிய கரியில் சுவாலையும் இல்லை, நீராவியும் மிகக் குறைவு. அது வீசும் வெப்பக் கதிரே மீனின் புறத்தை உலரச் செய்து பொன்னிறமாக்குகிறது; உள்ளே சாறு தங்கிவிடுகிறது. ஜப்பானில் புகழ்பெற்றது தெற்கே கீஷூ நாட்டு 'பின்ச்சோத்தான்' கரி. வைரம் பாய்ந்த கருவாலி மரத்தைச் சூளையில் பல நாள் கரியாக்கி, இறுதியில் காற்றைத் திறந்துவிட்டு ஏறத்தாழ 1,000 பாகை வரை கனல வைத்து, செந்தணலாக வெளியே இழுத்து, ஈரமண்ணும் சாம்பலும் கலந்து மூடி அணைப்பர். ஆறிய பின் இரண்டு கட்டைகளைத் தட்டினால் உலோகம்போல் ஒலிக்கும். மூதாட்டியிடம் அத்தகைய கட்டை ஒன்று இருந்தது, தட்டிக் காட்டினார். எங்கள் பங்கு ஆலயத்துப் பீடச் சிறுவர் அடிக்கும் மணி நினைவுக்கு வந்தது. ஆனால் அடுப்பில் அவர் இட்டது ஹொக்கைடோ மலைகளின் கருவாலிக் கரியே. எளிதில் பற்றும், விலையும் குறைவு என்றார்.

ஹொக்கே சுட ஏறத்தாழ இருபது நிமிடம் ஆயிற்று. அதுவரை அவர் வேறெதுவும் தரவில்லை. சூடான துவாலை வந்தது. சிறு கிண்ணத்தில் கடற்பாசி வந்தது. அதற்கும் கணக்கில் விலை உண்டு என்பது பின்னரே தெரிந்தது. நாங்கள் வறுத்த தேயிலையில் இட்ட தேநீர் அருந்தினோம். பசியோ மிகுந்தது. கைப்பையில் ஊரிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாய்ப் பொட்டலம் ஒன்று இருந்தது. வெளிநாட்டு உணவுக்குத் துணையாக எங்கும் அதை எடுத்துச் செல்வது எங்கள் வழக்கம்.

மீன் வந்தது. நாங்கள் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டோம். பக்கத்தில் இருந்த ஜப்பானியர் இருவரும் கைகளைக் கூப்பி, 'இத்தடாகிமாஸ்' என்று சொல்லித் தம் உணவைத் தொட்டனர். பணிவுடன் பெற்றுக்கொள்கிறேன் என்பது பொருள். மகன் இரண்டையும் செய்தான்.

விரித்த மீனின் நடு எலும்பை வால் பக்கமிருந்து ஒரே இழுப்பில் எடுக்கும் முறையை மூதாட்டி சைகையால் காட்டினார். எங்களுக்கு முறிந்து முறிந்து வந்தது. மகன் எங்கள் தட்டை வாங்கி, குச்சியால் நுனியைத் தூக்கி, முழு எலும்பையும் சீப்புப்போல் எடுத்து வைத்தான். சிறுவயதில் முள் குத்தும் என்று மீனையே ஒதுக்கிய பிள்ளை அவன். அவனுக்குச் சாளையில் முள் எடுத்து ஊட்டிய கை எதிரில் சும்மா இருந்தது.

சுவையைச் சொல்வதெப்படி? உப்பு, மீன், நெருப்பு, வேறொன்றும் இல்லை. புளி இல்லை, மிளகாய் இல்லை, மஞ்சள் இல்லை. மேற்புறம் மொறுமொறுவென்றும் உள்ளே சதை இதழ் இதழாக நெய் சொட்டவும் இருந்தது. நாம் மசாலையில் மறைத்துவிடும் ஒன்று இதில் மறைவதற்கு இடமின்றி இருந்தது. மீன் பழையதாயிருந்தால் இந்த அடுப்பு உடனே காட்டிக் கொடுத்துவிடும். கடற்கரையில் பாட்டனார் சுட்டுத் தின்ற சாளையை எண்ணிக்கொண்டோம். திபேரியாக் கடலோரத்தில் விடியற்காலையில் கரிநெருப்பு மூட்டி, அதன்மேல் மீனை வைத்துக் காத்திருந்தவரையும் எண்ணிக்கொண்டோம். எத்தனையோ முறை வாசிக்கக் கேட்ட பகுதி. அதில் கரிநெருப்பு என்று தனித்துச் சொல்லியிருப்பதை அன்றுதான் கவனித்தோம். ஊறுகாய்ப் பொட்டலம் பிரிக்கப்படாமலேயே ஊர் திரும்பியது.

அடுத்து அக்கேஷியின் ஆளிச் சிப்பி. அக்கேஷி குஷிரோவுக்குக் கிழக்கே உள்ள விரிகுடா. ஆண்டு முழுதும் சிப்பி தரும் ஊர். சுடுபட்டு ஓடு சற்றே வாய் திறந்ததும், உள்ளிருக்கும் நீர் சிந்தாமல் மேல் ஓட்டை நீக்கித் தந்தார். பிறகு சங்கு வகை ஒன்று. ஓட்டின் வாயில் சோயாச் சாறு விட்டுக் கொதிக்க வைத்தது. ஊசியால் குத்தி, சங்கைத் திருகினால் சதை சுருள் சுருளாக வெளிவரும். பாதியில் அறுத்துக்கொள்ளாமல் எடுத்தவர் எங்களுள் ஒருவரே. கணவாய் வந்தது, அதைப் பற்றிச் சிறப்பாகச் சொல்வதற்கில்லை. 'சன்மா' வந்தது. நம் முரல் மீனுக்கு உறவு. அதுபோலவே வாளாக நீண்டு மின்னுவது. கூதிர் காலத்து மீன் என்றே அதன் பெயரை எழுதுவர். ஏழை வீட்டிலும் வாசலில் அடுப்பை வைத்துச் சன்மா சுடும் புகை எழாத தெரு ஒரு காலத்தில் இல்லையாம். 2008ஆம் ஆண்டில் ஜப்பானில் 3 இலட்சம் டன்னுக்கு மேல் இறங்கிய இம்மீன், 2022ஆம் ஆண்டில் 18,000 டன்னுக்கும் குறைந்துவிட்டது. கடல் வெப்பமாகி, மீன் கரையை விட்டு விலகிப் போவதும் பன்னாட்டுக் கப்பல்கள் நடுக்கடலிலேயே பிடிப்பதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அன்று எங்கள் முன் வந்த சன்மா மெலிந்திருந்தது. மூதாட்டி அதைத் தட்டில் வைக்கும்போது ஏதோ மன்னிப்புக் கேட்பவர்போல் தலைகுனிந்தார்.

சுவரில் 'மெய்யான ஷிஷாமோ' என்று எழுதிய பலகை ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதைப் பற்றிக் கேட்டோம். விரல் நீளமுள்ள மீன் அது. உலகிலேயே ஹொக்கைடோவின் பசிபிக் கரையில்தான் உண்டு. அக்டோபர், நவம்பரில் முட்டையிட ஆற்றில் ஏறும். இத்தீவின் பழங்குடியினரான ஐனு மக்களின் மொழியில் சுசு என்றால் ஆற்றலரி போன்ற வில்லோ மரம். ஹாம் என்றால் இலை. பஞ்சத்தால் வாடிய மக்களைக் கண்டு இரங்கிய தெய்வங்கள் வில்லோ இலைகளை ஆற்றில் விட, அவை மீனாயின என்று கதை. இன்று ஜப்பானியக் கடைகளில் ஷிஷாமோ என்று விற்பதில் பெரும்பகுதி நார்வேயிலிருந்தும் ஐஸ்லாந்திலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் வேறொரு மீன். மெய்யான மீனுக்குப் பேர்பெற்ற முகாவா ஊரின் மீனவர், இனம் அழியாதிருக்க 2023ஆம் ஆண்டில் பிடிப்பையே நிறுத்தி வைத்தனர்.

"வேறு மீனை வைத்து விற்கலாமே, எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்?" என்று மகன் வழியாகக் கேட்டோம். மூதாட்டி சிறிது நேரம் கரியை ஒதுக்கிக்கொண்டிருந்தார். "மற்றவர் விற்பதில் தவறில்லை. ஆனால் நான் பொய்ப்பெயர் சொல்லித் தந்தால், அதை உண்ட பிள்ளை அதுதான் ஷிஷாமோ என்று எண்ணிக்கொள்ளும். பிறகு மெய்யானது போய்விட்டது என்று எவருக்கும் தெரியாமலே போகும்" என்றார். பிறகு எழுந்து உள்ளே சென்றார். திரும்பி வந்தபோது, மூங்கில் குச்சியில் கண்வழி கோத்து உலர்த்திய மூன்று சிறு மீன்கள் கையில் இருந்தன. தமக்கென்று மீனவர் ஒருவர் தந்தவையாம். மூன்றும் ஆண் மீன். முட்டை நிறைந்த பெண் மீனைத்தான் வெளியூரார் விரும்புவர். சுவை ஆண் மீனில்தான் என்றார். ஆளுக்கு ஒன்று. தலையோடு, எலும்போடு, வாலோடு உண்டோம். அதற்குக் கணக்கில் விலை எழுதவில்லை.

அதன் பின்னரே பேச்சு இளகியது. அவருக்கு ஒரே மகன், தோக்கியோவில் இருக்கிறார். ஆண்டுக்கொரு முறை வருவார். கடையை அடுத்து நடத்த ஆளில்லை. மகனை வரச் சொல்லிக் கேட்டதுண்டா என்றோம். "அவன் வந்தால், எந்த மீனைச் சுடுவான்?" என்று திருப்பிக் கேட்டார். எங்கள் மகன் இதை மொழிபெயர்க்கச் சற்றுத் தயங்கினான்.

அவனும் அப்போதுதான் சொன்னான். வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் மூன்று மாதம் அவனைக் குஷிரோவுக்கு அனுப்பியிருக்கின்றனர். மொழி தெரியாது, பனி, பேச ஆளில்லை. எங்களிடம் தொலைபேசியில் நலம் என்றே சொல்லி வந்தான். ஒரு மாலை காய்ச்சலோடு இந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். இவர் ஒன்றும் கேளாமல், சோற்று உருண்டையைச் சுட்டு, அதன்மேல் சூடான தேநீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். பிறகு நாள்தோறும் வந்திருக்கிறான். "ஊர் திரும்ப வேண்டுமென்று பயணச்சீட்டு எடுத்து வைத்திருந்தேன், அப்பா. எடுத்ததை உங்களிடம் சொல்லவில்லை. திரும்பக் கொடுத்ததையும் சொல்லவில்லை" என்றான். சிறிது நேரம் கழித்து, "நான் இன்னும் பல ஆண்டு இங்கேதான் இருப்பேன். வருகிற பெண் இதைத் தெரிந்து வர வேண்டும். அதைச் சொல்லத்தான் இங்கே அழைத்து வந்தேன்" என்றான்.

மூதாட்டி எதையும் கேட்கவில்லை. சோயாச் சாறு தடவிய மூன்று சோற்று உருண்டைகளை வலையில் வைத்தார். சோறு சுடும் மணம் எழுந்தது. அடுப்பில் அடிப்பிடித்த சோற்றின் மணம். நம் வீட்டு மணம்.

பத்தரை மணிக்குக் கணக்குத் தீர்த்தோம். நாங்கள் அஞ்சியதில் பாதியும் ஆகவில்லை. அங்கே அன்பளிப்பாகக் காசு வைக்கும் வழக்கமில்லை. வைத்தால் ஓடிவந்து திருப்பிக் கொடுத்துவிடுவர். வேறெதுவும் தோன்றாமல் அந்த ஊறுகாய்ப் பொட்டலத்தை நீட்டினோம். அவர் முகர்ந்து பார்த்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மெல்லச் சிரித்து, மறுபடி எங்கள் கையிலேயே வைத்தார்.

எழுந்து நின்றபோது அவர் தணலைச் சாம்பலால் மூடத் தொடங்கியிருந்தார். அணைக்கவில்லை, மூடினார். அப்படி மூடினால் உள்ளே கனல் விடியும் வரை இருக்கும். மறுநாள் கிளறினால் போதும். பழைய வீடுகளில் இல்லத்தலைவியின் கடைசி வேலை அதுதானாம். எங்களுள் ஒருவர் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கிளம்பும்போது அந்த மூதாட்டியின் கைகளைப் பிடித்துக்கொண்டு, "ஒகாசான்" என்றார். அவர் மறுத்து, எங்களவரைச் சுட்டிக் காட்டி, அதே சொல்லைச் சொன்னார்.

மறுநாள் காலை இரயிலில் எங்கள் கம்பளிச் சால்வை, மேலங்கி, கைப்பை எல்லாவற்றிலும் கரிப்புகை மணத்தது. ஷிரனுக்காவைக் கடந்து கடலோரமாய் இரயில் ஓடிக்கொண்டிருந்தபோது, மகன் தானாகவே கையை நீட்டினான். உறையை எடுத்துக் கொடுத்தோம். அதிலும் அதே மணம். படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தான்.

"இவருக்கு மீனில் முள் எடுக்கத் தெரியுமா?" என்று கேட்டான்.

கேட்டுச் சொல்கிறோம் என்றோம்.